தொடாமல் குத்திய முத்திரை

செவ்வாய்க்கிழமை காலை வந்த அறுவைப் பட்டியலில் 218 என்ற நோயாளி எண்ணில் வஸீலாவின் விரல் நின்றது. 218, வலது கால், மதிப்பெண் 19. முப்பதுக்குக் கீழே வந்தால், அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாய் தைக்கும் பைபாஸ் கிடையாது. காலை எடுத்துவிட வேண்டியதுதான். பக்கத்திலேயே நாளும் குறித்திருந்தார்கள்: புதன், காலை எட்டு மணி.

ஸ்ஃபாக்ஸ் நகரத்தின் அந்த மருத்துவமனையில், ரத்தக்குழாய் அறுவைப் பிரிவின் மூன்றாம் மாடி மூலையில் இருந்தது அவளுடைய அறை. அவள் கத்தி பிடிக்கிற டாக்டர் அல்ல. கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ஒரு இயந்திரம் தான் பார்த்ததை வைத்துக்கொண்டு, பார்க்காததைப் பற்றி எவ்வளவு தூரம் துணிந்து பேசலாம் என்று எல்லை கட்டுவதுதான் அவள் படித்த படிப்பு. இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் அடைத்துப்போன கால்களில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்று சொல்லும் கணினி நிரல் ஒன்றை அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதி வைத்துவிட்டுப் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொல்கிறது என்று மருத்துவப் பத்திரிகையில் கட்டுரையும் வந்துவிட்டது. வருகிற கால்களின் விவரத்தை அதில் போட்டு, அது தருகிற எண்ணைச் சீட்டில் அச்சடித்து, முத்திரை குத்திக் கீழே அனுப்புவது அவள் வேலை. 218-இன் சீட்டையும் அவள்தான் நேற்று மாலை, பத்துச் சீட்டுகளோடு சேர்த்து, எண்ணைக்கூடப் பார்க்காமல் குத்தி அனுப்பியிருந்தாள்.

பழைய அட்டவணையைத் திறந்தாள். 218, இடது கால். இரண்டு வருடத்துக்கு முன் பைபாஸ். எட்டாம் நாள் அடைத்தது. கால் எடுக்கப்பட்டது. நிரல் பாடம் படித்த கால்களில் அதுவும் ஒன்று.

ஐந்து வாரத்துக்கு முன்பே அவள் கண்டுபிடித்த ஓட்டை இதுதான். அட்டவணையில் ஒரு காலுக்கு ஒரு வரி. மனிதனுக்கோ இரண்டு கால். சர்க்கரைக்காரர்கள் முதலில் ஒரு காலோடு வருவார்கள், ஒன்றிரண்டு வருடத்தில் மற்றதோடும் வருவார்கள். எழுநூறு வரிகளையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, ஒரு பங்கை நிரலுக்குப் பாடமாகவும் மறு பங்கைப் பரீட்சையாகவும் வைத்துவிட்டார்கள். ஒரே ஆளின் இடது கால் பாடத்தில் இருந்தது, வலது கால் பரீட்சையில் வந்தது. பிறந்த வருடம், உயரம், சிறுநீரகத்தின் நிலை எல்லாம் ஒன்றே. நிரல் ரத்தக்குழாயைப் படிக்கவில்லை, ஆளை மனப்பாடம் செய்திருந்தது. கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டவன் வாங்கிய தொண்ணூற்றாறு அது. ஒரே ஆளின் இரண்டு காலும் ஒரே பங்கில் விழும்படி ஆள் ஆளாகப் பிரித்து அவள் திரும்பச் சோதித்தபோது அறுபத்தொன்றுதான் வந்தது. காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல்.

பிரிவின் தலைவர் பேராசிரியர் நெஜிபிடம் எழுதியே கொடுத்தாள். "மாநாடு முடியட்டும், மகளே," என்றார். அவளும் சரி என்றாள். அந்த ஒரு 'சரி'யை நினைத்தால் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

லிஃப்ட் ஓடவில்லை. படியிறங்கி வார்டுக்குப் போனாள்.

கமைஸ் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மொபெட் மெக்கானிக். விரல் நகங்களில் பழைய கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. வலது காலின் பெருவிரல் நுனி கறுத்திருந்தது. தலைமாட்டில் அவர் மனைவி ஸாலிஹா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, புது டாக்டரா?" என்றார் கமைஸ்.

"டாக்டர்தான், ஸி கமைஸ்," என்றாள் வஸீலா மரியாதையாக. "ஆனா கணக்கு டாக்டர்."

"கணக்கா! அப்ப என் காலைக் கூட்டிச் சொல்லுங்க. நான் எப்படிக் கூட்டினாலும் ஒண்ணுதான் வருது. நாளைக்கு அதுவும் பூஜ்யம்."

"வாயைக் கழுவு மனுஷா," என்றாள் ஸாலிஹா. "அல்லாஹ் பேரைச் சொல்லு."

"அவன் பேரைச் சொல்லித்தான் போன தடவையும் உள்ள போனேன்." கமைஸ் வஸீலா பக்கம் திரும்பினார். "கட்டைக் காலை ஊணிக்கிட்டு இந்தக் காலாலதான்மா வண்டியை உதைக்கறேன். இதையும் எடுத்துட்டா எதால உதைக்கறது? மூக்காலயா?"

"அந்தக் கால் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள் வஸீலா.

ஸாலிஹாவின் கை நின்றது. "எப்படிப் போச்சா? உங்க ஆஸ்பத்திரியைக் கேளுங்க. ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு. பாதம் வெதுவெதுன்னு இருந்துச்சு, நானே தொட்டுப் பார்த்தேன். நாலாம் நாள் நர்ஸ் வந்து, ரத்தம் உறையாம இருக்கப் போடற ஊசி மருந்து தீந்துபோச்சுன்னு நிக்கறா. வெளிக் கடையிலயும் இல்ல. என் மருமகன் காபெஸ் வரைக்கும் அலைஞ்சான். அவன் வாங்கிட்டு வந்து நிக்கறப்ப எட்டாம் நாள். கால் மீன் மாதிரி சில்லுன்னு கெடக்குது."

"ஏன்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்களே. விதின்னு சொன்னாங்க. மருந்து வாங்கி வைக்காதது யார் விதின்னு கேட்டேன். வெளியே போய் நில்லுன்னாங்க."

வஸீலாவுக்கு அட்டவணை நினைவுக்கு வந்தது. அதில் நாற்பத்திரண்டு பத்திகள் இருந்தன. மருந்து நான்கு நாள் இல்லை என்று எழுத ஒரு பத்தி இல்லை. எட்டாம் நாள் அடைத்தது என்பது மட்டும் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி செய்த தப்பை இவருடைய ரத்தக்குழாயின் தலையில் எழுதி, அதை ஒரு நிரலுக்குப் பாடமாக ஊட்டி, இப்போது அதே நிரல் இவரை அடையாளம் கண்டுகொண்டு, 'உனக்கா? போன தடவையே போனதுதானே' என்கிறது. அதற்கு அவள் முத்திரை குத்தியிருக்கிறாள்.

"இந்தக் காலை யாராவது தொட்டுப் பார்த்தாங்களா?"

"பெரிய டாக்டர் முதல் நாள் வந்து நின்னுட்டுப் போனாரு. அப்புறம் மெஷின் பார்க்கும்னாங்க," என்றாள் ஸாலிஹா. "மெஷின் எப்ப வந்துச்சுன்னே தெரியல. நான் தொழப் போயிருந்த நேரத்துல வந்துட்டுப் போயிருக்குமோ?"

வஸீலா வந்த படியிலேயே திரும்ப ஏறினாள்.

பேராசிரியர் நெஜிப் தன் அறையில் வியாழக்கிழமை மாநாட்டுப் பேச்சுக்கான படங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக நூலைவிடக் கொஞ்சம் தடித்த குழாய்களைத் தைத்த கை அவருடையது. மீன் சந்தையில் அவரைப் பார்த்தால் பெரிய மீனாக எடுத்துக் கொடுப்பார்கள். திரையில் பச்சை நிறத்தில் '96' பெரிதாக நின்றது.

"218-ஐ நாளைக்கு எடுக்காதீங்க," என்றாள்.

"கதவைத் தட்டிட்டு வரலாம்."

"அந்த ஆளோட இடது கால் நம்ம அட்டவணையில இருக்கு. நிரல் வலது காலைப் பார்க்கவே இல்ல. இடது கால் போன கதையைத் திருப்பி ஒப்பிக்குது. அந்தக் காலும் அவர் ரத்தக்குழாய் கெட்டதால போகல. நம்மகிட்ட மருந்து இல்லாம போச்சு."

"யார் சொன்னா? அந்த ஆளோட பொண்டாட்டியா?"

"ஆமா. அவர் ஃபைல்லயும் இருக்கும். யாராவது திறந்து பார்த்திருந்தா."

நெஜிப் கண்ணாடியைக் கழற்றினார். "உக்காரு. நீ வரதுக்கு முன்னால இங்க என்ன நடந்ததுன்னு உனக்குத் தெரியுமா? ஒவ்வொருத்தனும் தன் மனசுக்குத் தோணினதைச் செஞ்சான். தெரிஞ்சவன் காலுக்கு ஆறு மணி நேரம் பைபாஸ், தெரியாதவன் காலுக்கு ரம்பம். பிழைக்காத காலுக்குப் பைபாஸ் பண்ணி ஆளையே பறிகொடுத்தோம். இப்ப எல்லாருக்கும் ஒரே அளவு. அது சின்ன விஷயமா?"

"தப்பான அளவு எல்லாருக்கும் ஒண்ணா இருந்தா நியாயமாயிடுமா?"

"வியாழக்கிழமை முடியட்டும்னு சொன்னேன். நீ ஒத்துக்கிட்டே."

"ஒத்துக்கிட்டது என் புத்திகெட்டதனம். அவர் கால் புதன்கிழமை போகுது. வியாழக்கிழமைக்கு அப்புறம் திருப்பி ஒட்டுவீங்களா?"

அவர் குரல் உயர்ந்தது. "என்கிட்ட கத்தாதே! இந்தப் பிரிவுல ரெண்டு கையெழுத்து இல்லாம ஒரு கால்கூடப் போகாது. என் ஆசிரியர் காலத்துலேர்ந்து உள்ள விதி. படிவத்தை எடுத்துப் பாரு. ஒண்ணு என்னோடது. ரெண்டாவது யாரோடது? எட்டு மாசமா குத்திட்டு இப்ப கை கழுவப் பார்க்கறியா?"

வஸீலா அவரையே பார்த்தாள். அந்த விதி அவளுக்குத் தெரியும். காலை எடுப்பதற்கு முன் இரண்டு பேர், தனித்தனியாக, பாதத்தில் கை வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் தன்னுடைய சீட்டை அந்த இரண்டாவது கட்டத்தில் ஒட்டுகிறார்கள் என்பது அவளுக்கு இந்த நிமிடம் வரை தெரியாது. அவள் வாழ்நாளில் ஒரு நோயாளியின் காலையும் தொட்டதில்லை.

"அது என்னோட கையெழுத்தா?" என்றாள்.

"பின்ன யாரோடது? மெஷினுக்குக் கை இருக்கா?"

"அப்ப நான் அதைத் திரும்ப எடுத்துக்கறேன்."

அவர் என்னவோ சொல்வதற்குள் படியில் இறங்கிவிட்டாள்.

தரைத்தளத்தில் அறுவை அரங்கின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள் தலைமை நர்ஸ் மப்ரூகா; 'லெல்லா' என்று மரியாதை சேர்த்துத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மறுநாள் படிவங்கள் எல்லாம் அவள் கையில். கேட்டதும் 218-ஐ எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது கட்டத்தில் வஸீலாவின் சீட்டு பசை காய்ந்து ஒட்டியிருந்தது. நீல முத்திரை, வட்டத்துக்குள் அவள் பெயர். பேனாவை எடுத்துக் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, கீழே எழுதினாள்: 'இந்தப் பாதத்தை நான் தொடவில்லை. என் முத்திரையைத் திரும்பப் பெறுகிறேன்.' தேதி போட்டாள்.

"என்னடி பண்ணின?" மப்ரூகா படிவத்தைப் பிடுங்கினாள். "இருபத்திரெண்டு வருஷத்துல போடமாட்டேன்னு சொன்னவங்களைப் பார்த்திருக்கேன். போட்டுட்டு அடிச்சவளைப் பார்த்ததில்ல. இதை வச்சுக்கிட்டு நான் ஆளை எப்படி உள்ள விடறது?"

"விட முடியாதில்ல?"

மப்ரூகா படிவத்தை ஒரு தடவை படித்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "முடியாது," என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தாள்.

நெஜிப் இறங்கி வந்த வேகத்தில் வெள்ளைக் கோட்டின் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. பின்னால் உதவி அறுவை டாக்டர் ஸுரையா. முப்பத்தைந்து வயதுக்காரி, அதிகம் பேசாதவள். அவர் படிவத்தைப் பார்த்தார், வஸீலாவைப் பார்க்கவில்லை.

"ஸுரையா, அந்தக் கட்டத்துல நீ கையெழுத்துப் போடு."

"போடறேன், ஸார். கை வச்சுப் பார்த்துட்டு."

"நான் பார்த்தாச்சு."

"நீங்க பார்த்தது முதல் கையெழுத்துக்கு," என்றாள் ஸுரையா. குரலை உயர்த்தவில்லை. ஆனால் வரவேற்பில் நின்றிருந்தவர்கள்வரை திரும்பிப் பார்த்தார்கள்.

நான்கு பேரும் வார்டுக்குப் போனார்கள். கமைஸ் அவர்களைப் பார்த்ததும், "ஒரு காலைத் தூக்கவா இத்தனை பேர்?" என்றார். ஸுரையா பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. பேனா மாதிரி இருக்கும் ஒலிக்கருவியைப் புறங்காலில் வைத்தாள். ரத்தம் ஓடினால் அதில் சத்தம் கேட்க வேண்டும். வெறும் இரைச்சல்தான் கேட்டது. உள் கணுக்காலில் வைத்தாள். ஒன்றுமில்லை.

"போதுமா?" என்றார் நெஜிப்.

வஸீலா அந்தக் கறுத்த விரல் நுனியைப் பார்த்தாள். தான் சொன்னது தப்பாகவும் இருக்கலாம். நிரலுக்குத் தெரியாது என்பதுதான் அவளுக்குத் தெரியும். கால் பிழைக்கும் என்று அவளுக்கும் தெரியாது.

ஸுரையா கமைஸிடம் கேட்டாள்: "ராத்திரி வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

ஸாலிஹாதான் பதில் சொன்னாள். "காலைக் கட்டில்லேர்ந்து தொங்கப் போட்டுக்குவாரு. அப்பதான் தூக்கம் வருதுங்கறாரு. உக்காந்தே தூங்கற கோழி மாதிரி."

ஸுரையா அவரைத் திருப்பி உட்காரவைத்து, காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கவிட்டாள்; படுத்திருந்தால் எட்டாத ரத்தம் தன் பாரத்தால் கீழே இறங்கட்டும் என்று. தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நெஜிப் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கருவியைப் புறங்காலில் மறுபடி வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள்.

ஷ்... ஷ்... ஷ்...

தணிவாக இருந்தது. ஆனால் ஒழுங்காக இருந்தது.

"யா ரப், என் இறைவா," என்றாள் ஸாலிஹா.

நெஜிப் குனிந்தார். கருவியைத் தானே வாங்கிக்கொண்டார். அவரும் தரையில் மண்டியிட வேண்டியிருந்தது. நெடுநேரம் கேட்டார். விரலால் அந்த இடத்தை அழுத்தினார், சத்தம் நின்றது. எடுத்தார், வந்தது. எழுந்தபோது முகம் கறுத்திருந்தது.

"கீழ ஒரு குழாய் திறந்திருக்கு, தைக்க இடமிருக்கு," என்றார் சுவரைப் பார்த்து. "நாளைக்கு உள்ள பட்டியல்லேர்ந்து இவரை எடுத்துடுங்க. ரத்தக்குழாயைப் புதுசா படம் எடுங்க." வாசலில் நின்று ஸுரையாவிடம் சொன்னார்: "நான் வெள்ளிக்கிழமை இருக்கமாட்டேன். பைபாஸ் பண்ணறதுன்னா நீயே பண்ணு. அடைச்சா நீங்க ரெண்டு பேரும் பதில் சொல்லுங்க."

"மருந்து இல்லாம அடைச்சா யார் பதில் சொல்லறது?" என்று கேட்டாள் ஸாலிஹா. அவர் போய்விட்டார்.

வியாழக்கிழமை தலைநகரில் அவர் பேசினார். பச்சை நிறத் தொண்ணூற்றாறு திரையில் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மப்ரூகா அதைக் கைபேசியில் காட்டியபோது வஸீலாவுக்கு அதைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு காலின் சத்தத்தைத் தன் காதால் கேட்டுவிட்டு, இரண்டாம் நாளே எப்படி அதே படத்தைப் போட முடிந்தது?

வெள்ளிக்கிழமை ஸுரையா கமைஸின் கையிலிருந்து ஒரு ரத்த நாளத்தை எடுத்து, முழங்காலுக்குப் பின்னாலிருந்து பாதம் வரை தைத்தாள். ஐந்தரை மணி நேரம் ஆனது. பத்து நாளுக்கான ஊசி மருந்தை மப்ரூகா முன்னாலேயே வாங்கித் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான்காம் நாள் கால் வெதுவெதுப்பாக இருந்தது. எட்டாம் நாளும் இருந்தது. கறுத்த விரல் நுனி மட்டும் போனது.

அதற்குள் நெஜிப் திரும்பி வந்து வஸீலாவின் முத்திரையை வாங்கிக்கொண்டார். அறைச் சாவியையும் கேட்டார். அவள் கொடுத்துவிட்டாள். கட்டுரை வந்த பத்திரிகைக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினாள். பத்தாம் நாள் கமைஸைப் பார்க்கப் போனாள்.

அவர் காலை ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாம்மா கணக்கு டாக்டர்! கூட்டிப் பாரு, இன்னும் ஒண்ணு இருக்கு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அட்டவணை, இரண்டு கால், நிரல் அவரை அடையாளம் கண்டுகொண்டது, எல்லாம்.

"அப்ப மெஷின் இந்தக் காலைப் பார்க்கவே இல்ல."

"இல்ல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீங்க வரதுக்கு அஞ்சு வாரம் முன்னால."

கமைஸின் சிரிப்பு போய்விட்டது. "அந்த அஞ்சு வாரத்துல?"

"நாலு பேர். நான்தான் முத்திரை குத்தினேன். அது ரெண்டாவது கையெழுத்துன்னு தெரியாம."

"கால் போச்சா?"

"போச்சு."

"பிழைச்சிருக்குமா?"

"தெரியாது. யாரும் தொங்கவிட்டுக் கேக்கலையே."

"அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

"பத்திரிகைக்கு எழுதியிருக்கேன். கட்டுரையை வாபஸ்..."

"பத்திரிகைக்குக் கால் இருக்கா?" அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். "என்கிட்ட எதுக்கு வந்து உக்காந்திருக்க? என் கால் இதோ இருக்கு! நான் உன் தலையில கை வச்சு துஆ பண்ணுவேன்னு வந்தியா? எந்திரி. போ. போய் அங்க சொல்லு!"

ஸாலிஹா அவர் தோளைப் பிடித்தாள். ஆனால் அவளும் வஸீலாவை உட்காரச் சொல்லவில்லை.

முகவரிகள் நான்கும் வஸீலாவிடம் இருந்தன. ஸாகியத் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினாள். வழி முழுக்க அவளுக்குள் கோபம் கொதித்துக்கொண்டே வந்தது. நெஜிப்மேல், பிரான்சுக்குப் போனவர்கள்மேல், கைதட்டியவர்கள்மேல், கத்திய கமைஸ்மேலும்கூட. இறங்கும்போது அதில் பெரும்பங்கு அவள்மேலேயே வந்து நின்றது.

நீலக் கதவு. தட்டினாள். மாவு ஒட்டிய கையோடு ஒரு பெண் திறந்தாள். உள்ளே கூடத்தில், சுவரோரம், ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையின் வலது பக்கத்தை மடித்து ஊசி குத்தியிருந்தது.

"ஆஸ்பத்திரிலேர்ந்தா?" என்றாள் அந்தப் பெண். அவள் முகம் மலர்ந்தது. "செயற்கைக் கால் அளவெடுக்கத்தானே? வாம்மா, வாம்மா. ஒரு மாசமா வழி பார்த்துக்கிட்டிருக்கோம். ஏங்க, சட்டையை இழுத்து விடுங்க, வந்துட்டாங்க!"

அவர் அவசரமாகச் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்ல, லெல்லா," என்றாள் வஸீலா. "நான் அதுக்கு வரல."

அந்தப் பெண் அதற்குள் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தாள். வஸீலா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லத் தொடங்கினாள்.